விருந்துக்குச் சொல்லியாச்சு

போன வாரம் மர்தியா வாயை விட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்துபோனவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

தெம்பே ஏரிக்கரையில், லபெஸி ஊரில், கால்மரங்களின் மேல் தூக்கிக் கட்டிய பழைய வீடு அவளுடையது. வயது எழுபத்தாறு. வாழையிலையில் மடித்து அவித்த பழப் பலகாரத்தைச் சந்தையில் விற்று விற்றே ஹஜ்ஜுக்குப் பேர் பதிந்தவள். பதிந்துவிட்டு முறை வருவதற்காகப் பதினேழு வருடம் காத்திருந்தாள். கூடவே பதிந்த கணவர் அம்போ ஸக்கா, முறை வருவதற்குள் மௌத்தாகிவிட்டார். அவருடைய இடம் மகள் தென்ரிக்கு வந்தது. இந்த வருடம் ஒருவழியாக முறையும் வந்தது.

வந்த சந்தோஷத்தில் மர்தியாவுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, நகையைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய், "வியாழக்கிழமை லுஹருக்கு அப்புறம் நம்ம வீட்ல மௌலிது ஓதறோம், விருந்து. நான் ஹஜ்ஜுக்குக் கிளம்பறேன்" என்று ஊர் முழுக்க வாயால் அழைத்துவிட்டாள். மறுநாள் சுகாதார நிலையத்தில் டாக்டர் அவள் முழங்காலை அமுக்கிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், பயணத்துக்கான உடல்தகுதித் தாளில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிட்டார்.

வாயால் அழைத்த விருந்தைத் திருப்பி வாங்குவது அந்த ஊரில் நடக்கிற காரியமில்லை. வாங்கினால் அந்த வீட்டுக்கு மானம் போச்சு. டாக்டரிடம் இன்னொரு தடவை காட்டுவதற்குக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் வாங்கியதில், அதுவும் அதே வியாழக்கிழமையாக அமைந்துவிட்டது. காலையில் டாக்டர். மதியம் விருந்து.

அந்த வியாழக்கிழமை இன்றைக்குத்தான்.

*

விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு மர்தியா வீட்டுக்கு அடியில் நடந்துகொண்டிருந்தாள். வீட்டைத் தாங்கும் நடுத்தூணைச் சுற்றி நடப்பதுதான் ஒரு வாரமாக அவளுடைய பயிற்சி. ஊரே அந்தத் தூணை வீட்டின் தொப்புள் என்றுதான் சொல்லும். தூணுக்கு அந்தப் பக்கம் பெரிய அண்டாக்களில் வாத்துக்கறி கொதித்தது. சமைக்க வந்த பெண்கள், அவள் சுற்றி வரும்போதெல்லாம் கரண்டியைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள்.

"போதும்மா. இப்பவே முட்டியைத் தேய்ச்சுட்டீங்கன்னா, டாக்டர் முன்னாடி எதை வச்சு நடப்பீங்க?" என்றாள் தென்ரி.

"நிறுத்தினா மறுபடி கிளம்ப நேரமாகும்டி. நீ உன் வேலையைப் பாரு."

தென்ரிக்கு ஐம்பத்தொன்று. பள்ளிக்கூட டீச்சர். இரண்டு நாளாக லீவு போட்டு, அரிசி மூட்டையிலிருந்து ஆட்களுக்குக் காப்பி வரை அவள்தான் பார்க்கிறாள். ஒரு பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறியவள், பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"என்னடி, என்னைவிடக் கிழவியா ஏறறே?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள் மர்தியா. அண்டா பக்கம் சிரிப்பு எழுந்தது. தென்ரியும் சிரித்துக்கொண்டே ஏறிப்போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தங்கப்பல் மின்னியது. ஹாவா ஹஜ்ஜம்மா. இரண்டு தடவை மக்காவுக்குப் போய் வந்தவள், அதை ஊர் ஒரு நாளும் மறக்காமல் பார்த்துக்கொள்கிறவள். எந்த வீட்டு விருந்திலும் முன்வரிசையில் சரிகைக் குல்லாவோடு உட்கார்ந்து, "அல்லாஹ் வீட்டை ஏழு சுத்தும் நடந்தேதான் சுத்தினேன், யார் தோளையும் தொடலை" என்று ஆரம்பிப்பாள். மர்தியாவுக்கு வயிறு எரியும். எரிந்தாலும் சிநேகிதி சிநேகிதிதான்.

"இங்க வா" என்று கையை நீட்டினாள் ஹாவா. உள்ளங்கையில் இரண்டு மாத்திரை. "இப்ப ஒண்ணு, வண்டி ஏறும்போது ஒண்ணு. முட்டின்னு ஒண்ணு இருக்கறதே உனக்குத் தெரியாது."

"இது கூடுமா ஹஜ்ஜம்மா?"

"மாத்திரை போடக்கூடாதுன்னு எந்த இமாம் சொன்னார்? முழுங்குடி. ஊருக்கே சொல்லிட்டு வந்துட்டு இப்பத்தான் ஆராய்ச்சி பண்றா."

மர்தியா சுற்றுமுற்றும் பார்த்தாள். தென்ரி மாடியில் இருந்தாள். ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் இரண்டையும் சேர்த்தே காப்பியில் முழுங்கிவிட்டாள்.

*

மகன் தக்தீர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அரிசி ஆலை வண்டி, பின்னால் இன்னும் தவிடு ஒட்டியிருந்தது. அவன் ஒரு வாரமாக அம்மாவிடம் சரியாகப் பேசுவதில்லை. விருந்தைத் தள்ளிப்போடலாம் என்று அவன் சொன்னதற்கு, "நீ என் மானத்தைத் தள்ளிப்போடறேன்னு சொல்றே" என்று இவள் கத்தியதிலிருந்து அப்படித்தான்.

"ஏறுங்க" என்றான்.

மர்தியா ஏறினாள். கால் சொன்னபடி கேட்டது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இன்னிக்குக் கால் எப்படிம்மா?" என்று தென்ரி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு" என்று முகம் நிறையச் சிரித்தாள் மர்தியா.

தக்தீர் கண்ணாடியில் ஒரு தடவை அம்மாவைப் பார்த்தான். ஏரிக்கரைச் சாலையில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்தும் முட்டி இன்று வாயே திறக்கவில்லை. மர்தியா உள்ளுக்குள் ஹாவாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

*

டாக்டர் வுலானுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் பேச்சில் வளவளா கிடையாது.

"துணைக்குப் போறவங்களுக்கும் இன்னிக்கு ரத்தம் எடுக்கணும், இதயத் துடிப்பும் பாக்கணும். தென்ரி அக்கா, நீங்க முதல்ல போய்ட்டு வாங்க" என்றார்.

"எனக்கெதுக்கு டாக்டர்? நான் சும்மா துணைக்குத்தானே."

"துணைக்குப் போறவங்க கீழ விழுந்தா யார் தூக்கறது? போங்க."

தென்ரி போய்விட்டு, கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு வந்தாள். பிறகு மர்தியாவை வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள்.

நடந்தாள். அந்தக் கோடி வரை போய்த் திரும்பினாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். தடுப்பூசிக்கு வந்திருந்த ஒரு பெண், "இந்த அம்மாவைப் பாருங்க, சின்னப்பொண்ணு மாதிரி நடக்குது" என்றாள். மர்தியா இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தாள். நிஜத்தைச் சொல்லப்போனால், திரும்பும்போது இடுப்பைக்கூடக் கொஞ்சம் ஆட்டினாள்.

டாக்டர் முகம் மலர்ந்தது. "போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமா இருக்கே! என்ன செஞ்சீங்க?"

"பயிற்சிதான். தினமும் வீட்டுத் தூணைச் சுத்தி நடந்தேன்."

"நல்லது. அப்ப சக்கர நாற்காலி வேண்டாம்னே எழுதிடறேன். நீங்களும் அதைத்தானே கேட்டீங்க?"

போன வாரம் நடந்தது அதுதான். நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். உட்கார்ந்துகொண்டு அல்லாஹ் வீட்டைச் சுற்றுவதா, ஹாவா முகத்தில் எப்படி முழிப்பது என்று மர்தியா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அதில்தான் கையெழுத்து நின்றுபோனது.

டாக்டர் பேனாவைத் திறந்தார். திறந்துகொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அங்க வெயில் இப்படி இருக்காது. கூட்டம் இப்படி இருக்காது. வலி வந்தா மறைக்காம சொல்லுவீங்கல்ல, அம்மா?"

"சொல்லுவேன்" என்றாள் மர்தியா. சொன்ன கையோடு பேனா முனையையே பார்த்தாள்.

பதினேழு வருடம். எத்தனை இலை மடித்திருப்பாள், எத்தனை அடுப்பு ஊதியிருப்பாள். அம்போ ஸக்கா படுத்த படுக்கையில்கூட, "நீ போய் நின்னு எனக்கும் சேர்த்து ஸலாம் சொல்லு" என்றுதானே சொன்னார். அங்கே போய் நிற்கும்போது மடியில் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு நிற்பதா? டாக்டரை ஏமாற்றிவிடலாம். ஊரை ஏமாற்றிவிடலாம். அல்லாஹ் வீட்டு வாசலில் யாரை ஏமாற்றுவது?

மர்தியாவுக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நில்லும்மா. எழுதாதே."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"வலி மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன். ரெண்டு. அதான் ஆடினேன் இந்த ஆட்டம். முட்டி அப்படியேதான் இருக்கு."

தென்ரி, "அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, எந்த மாத்திரை, யார் கொடுத்தது, எப்போது போட்டது என்று துருவித் துருவிக் கேட்டார். யார் கொடுத்தது என்பதை மட்டும் மர்தியா சொல்லவில்லை.

"உங்க வயசுக்கு, உங்க ரத்த அழுத்தத்துக்கு, இதை ரெண்டு சேர்த்துப் போடலாமா? சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும்? விளையாட்டா?"

"தப்புதான்."

"நாற்காலியில உக்காந்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன வாரமே கையெழுத்துப் போட்டிருப்பேன். முட்டி எனக்குப் பிரச்சினையே இல்ல. உங்க பிடிவாதம்தான் பிரச்சினை. பிடிவாதத்தோட உங்களை அந்தக் கூட்டத்துல நடக்க விட எனக்குத் தைரியம் இல்ல."

மர்தியா தன் முட்டியைப் பார்த்தாள். ஏரியில் கணவரோடு வலை இழுத்த முட்டி. ஐந்து பெற்று இரண்டைப் பறிகொடுத்து, அத்தனை தொழுகைக்கும் மடங்கிக் கொடுத்த முட்டி. இப்போது கொஞ்சம் உட்கார வேண்டும் என்கிறது. அதற்கு உரிமை இல்லையா? அதைப் போட்டு இத்தனை நாள் திட்டியிருக்கிறாளே! அவளுக்குப் பாவமாக இருந்தது.

"உக்காந்துக்கிட்டுச் சுத்தினா கணக்குல வருமா?" என்றாள்.

"நான் டாக்டர். அதை உங்க இமாமைக் கேளுங்க."

"கேக்க வேண்டாம். எனக்கே தெரியும். வரும்." மர்தியா பெருமூச்சு விட்டாள். "எழுதிக்கோ. சக்கர நாற்காலின்னு பெரிசா எழுதிக்கோ."

"இப்ப எழுதறதுக்கு இல்ல. மாத்திரை போட்டிருக்கீங்க. உங்களுக்கும் ரத்தம் எடுக்கறேன். சிறுநீரகம் சரியா இருந்தாத்தான் கையெழுத்து. சாயங்காலம் அஸருக்குள்ள ரெண்டு பேர் முடிவும் வந்துடும். நானே போன் பண்றேன்."

"அஸருக்கா?" என்றாள் தென்ரி. "லுஹருக்கு விருந்தாச்சே டாக்டர்."

டாக்டர் கையை விரித்தார்.

*

வண்டியில் மூன்று பேரும் ஏறிய பிறகுதான் தக்தீருக்கு விஷயம் முழுதும் தெரிந்தது. அவன் சாவியைத் திருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"மாத்திரை சாப்பிட்டு ஏமாத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். முடியலை. விட்டுட்டேன்."

"ஏம்மா இப்படி? ஒருவேளை அங்க போய் உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? அங்கேயே மௌத்தாயிட்டா? அத்தாவையும் இப்படித்தான் நம்ம கண்ணு முன்னாடியே..." நாற்பத்தேழு வயது மனிதன், ஊருக்கே அரிசி அரைக்கிறவன், வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினான்.

ஒரு வாரமாக அவன் பேசாமல் இருந்ததெல்லாம் கோபம் என்று நினைத்திருந்தாள் மர்தியா. அது பயம். மகன் பயந்துபோயிருக்கிறான், தனக்குத் தெரியவில்லையே என்று அவன் தோளைத் தட்டினாள்.

"இதோ பாரு. அங்க மௌத்தானா கொடுத்து வச்சவள்னு நாலு பேர் சொல்லுவாங்க. எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. எனக்குத் திரும்பி வரணும். வந்து இன்னும் பத்து வருஷம் உன்னை உக்கார வச்சுத் திட்டணும். அதையும் சேத்துத்தான் அங்க கேக்கப் போறேன்."

தக்தீர் அழுகையோடு சிரித்துவிட்டான்.

"கிழவியாயிட்டேன்டா. அது எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றாள் மர்தியா. "ஆனா கிழவியாக விட்டதும் அல்லாஹ்தானே? வேண்டாம்னு நினைச்சிருந்தா முப்பதுலயே கூப்பிட்டிருப்பான். இத்தனை வருஷம் வச்சிருக்கான்னா ஏதோ காரியமாத்தான் வச்சிருக்கான். கிளப்பு வண்டியை. வழியில பள்ளிவாசல்ல நிறுத்து. அங்க ஒரு சக்கர நாற்காலி சும்மா கிடக்கு."

"இப்பவேவா?"

"பின்ன? மக்காவுல போய்த்தான் உக்காரப் பழகுவாங்களா?"

*

லுஹர் முடிந்ததும் பந்தல் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஏரிக்கு அந்தக் கரையிலிருந்துகூடப் படகில் வந்திருந்தார்கள். மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மர்தியா பட்டுச் சாரம் கட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படிக்குக் கீழே தக்தீர் நாற்காலியோடு நின்றிருந்தான்.

பேச்சு பட்டென்று அடங்கியது. அத்தனை கண்ணும் அவள் மேல்தான். மர்தியா சாரத்தை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு, கல்யாணப் பெண் மணவறையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். தக்தீர் தள்ளினான். சக்கரம் கிறீச் கிறீச் என்று ஊரைக் கூட்டியது.

முன்வரிசையில் ஹாவா ஹஜ்ஜம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் வந்ததும் குனிந்து கிசுகிசுத்தாள்.

"மாத்திரை வேலை செய்யலையா?"

"ஜோரா வேலை செஞ்சுது. டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! என் பேரையுமா?"

"உன் பேரை எதுக்குச் சொல்றேன்? வாங்கி முழுங்கினது என் வாய்தானே."

ஹாவா சரிகைக் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, கொஞ்ச நேரத்துக்கு யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஊரில் அப்படி ஒரு அமைதியை யாரும் பார்த்ததில்லை.

மௌலிது ஓதி முடிந்தது. சாம்பிராணிப் புகை பந்தல் முழுக்கப் பரவியது. இமாம் கைகளை ஏந்தினார். "ஹஜ்ஜுக்குப் பயணம் போகும் நம் சகோதரி மர்தியாவுக்காக..." என்று ஆரம்பித்தார்.

"இமாம், ஒரு நிமிஷம்" என்றாள் மர்தியா.

தென்ரி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "அம்மா, வேண்டாம். துஆ முடியட்டும். சாப்பிட்டுப் போகட்டும். அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்."

"சும்மா இருடி. முடிவு வரலைன்னு தெரிஞ்சுக்கிட்டே இவங்களை ஆமீன் சொல்ல வைக்கறதா?"

மர்தியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். சந்தையில் கூவி விற்ற குரல் அது. கடைசி வரிசைக்கும் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடலை. போடறதுக்கு முன்னாடியே நான் அவசரப்பட்டு உங்க வீட்டுப் படியெல்லாம் ஏறி அழைச்சுட்டேன். அது என் தப்பு. காலையில நடந்து காட்டறேன்னு வலி மாத்திரை முழுங்கி ஏமாத்தப் பாத்தேன். அதுவும் தப்பு. ரத்தம் எடுத்திருக்காங்க. அஸருக்குத்தான் தெரியும். போகலாம்னு சொன்னா இந்த நாற்காலியிலதான் போவேன், இதுலதான் சுத்துவேன். வேண்டாம்னுட்டா, இந்தச் சோறு ஹஜ்ஜுக்குப் போகாத கிழவி போட்ட சோறு. அப்படித் தெரிஞ்சே சாப்பிடறவங்க சாப்பிடுங்க. எனக்கு இதுல வெக்கம் ஒண்ணும் இல்ல."

வெட்கம் இல்லை என்று சொன்னாளே தவிர, கண் பந்தல் வாசலையும் அண்டாக்களையும் மாறி மாறிப் பார்த்தது. ஊர் எழுந்து போய்விட்டால்? அண்டா அண்டாவாக வாத்துக்கறி. தலை நிமிர்ந்து நடக்க முடியுமா இனி?

ஆண்கள் பக்கத்திலிருந்து கிழட்டுக் குரல் ஒன்று எழுந்தது. மீன்காரர் பத்தாவ்.

"அதெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டியா இல்லையா? இந்தச் சத்தத்தோட போனா அங்க கூட்டம் தானா விலகி வழிவிட்டுடும்."

பந்தல் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். இமாமும் தாடிக்குள் சிரித்துக்கொண்டே ஏந்திய கையை இறக்காமல் நின்றார்.

"துஆ கேக்கறதுக்கு டாக்டர் கையெழுத்து வேண்டாம் மர்தியாக்கா" என்றார். "கையெழுத்து வரணும்னுதானே துஆ? எல்லாரும் கையைத் தூக்குங்க. வாத்துக்கறி ஆறிடப் போகுது."

ஆமீன் சத்தம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். மர்தியாவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கவில்லை. எதற்குத் துடைக்க வேண்டும்?

சாப்பாடு நடந்தது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. இரண்டாம் பந்திக்கு நடுவில் ஹாவா ஹஜ்ஜம்மா நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "மெத்தையா இருக்கே, நல்ல சௌகரியமா?" என்று யாருக்கும் கேட்காமல் விசாரித்தாள்.

"மூணாவது தடவை போறப்ப எடுத்துக்கோ" என்றாள் மர்தியா.

*

அஸர் பாங்கு சொல்லப் போகிற நேரம். தக்தீரின் போன் அடித்தது.

எடுத்தான். "ஆமா டாக்டர்... ஆமா... சரி" என்றான். பந்தலில் மிச்சம் இருந்தவர்கள் கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவன் முகம் மெல்ல விரிந்தது.

"போகலாமாம்! அம்மா போகலாமாம்! சிறுநீரகம் நல்லா இருக்காம். நாற்காலின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சாம்!"

யார் யாரோ ஓடி வந்து மர்தியாவைக் கட்டிக்கொண்டார்கள். ஹாவா தங்கப்பல் தெரிய அழுதாள். பத்தாவ் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்பதைத் தவிர மர்தியாவின் வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. பதினேழு வருடம் முடிந்தது. போகப்போகிறாள். இப்படியே, இந்த முட்டியோடேயே போகப்போகிறாள்.

"அக்கா" என்றான் தக்தீர். "டாக்டர் இன்னும் வைக்கலை. உன்கிட்டப் பேசணுமாம். தனியா."

தென்ரி போனை வாங்கிக்கொண்டு பந்தலை விட்டு வாழைமரங்கள் பக்கம் போனாள். கட்டிப்பிடித்தவர்களின் தோளுக்கு மேலாக மர்தியா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தென்ரி அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு தடவை வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டாள். பேசி முடித்த பிறகும் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

திரும்பி வரும்போது முகம் நிறையச் சிரிப்பு இருந்தது.

"என்னடி சொன்னா டாக்டர்?"

"ஒண்ணுமில்லம்மா. உங்களை ஜாக்கிரதையாப் பாத்துக்கச் சொன்னாங்க."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"அவங்க பேசிட்டே இருந்தாங்க. நான் போய் அந்த அண்டாவை..."

மர்தியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இத்தனை வெயிலிலும் அந்தக் கை சில்லென்று இருந்தது. கழுத்தோரம் வியர்வை கோத்திருந்தது. காலையில் பாதிப் படியில் இவள் மூச்சு வாங்கி நின்றது மர்தியாவுக்கு நினைவுக்கு வந்தது. இந்தச் சிரிப்பை மர்தியாவுக்குத் தெரியும். காலையில் வண்டியில் ஏறும்போது அவளே இதே மாதிரிதான் சிரித்தாள்.

இரண்டு கைப்பிடியையும் அழுத்தி ஊன்றினாள். முட்டி சுரீர் என்றது. எழுந்துவிட்டாள்.

"அம்மா, என்ன பண்றீங்க? உக்காருங்க!" என்று தக்தீர் பாய்ந்து வந்தான்.

"நீ தள்ளு." அவனைக் கையால் விலக்கிவிட்டு, மகளைத் தோளைப் பிடித்து நாற்காலிப் பக்கம் திருப்பினாள். "உக்காரு."

"எனக்கெதுக்கும்மா இது?"

"உக்காருடி. உக்காந்துட்டு, அவ சொன்னதை ஒண்ணு விடாம என்கிட்டச் சொல்லு."

இரண்டு நாளாக ஊருக்கே ஆக்கிப் போட்ட தென்ரி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

மர்தியா நாற்காலியின் பின்னால் போய் நின்று, கைப்பிடி இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.